விளையாட்டு பேசுகிறது, அதை நிறுவும் கருவி பேசுவதில்லை

ஜொகூர் பாருவில் உள்ள பிரின்சஸ் எலிசபெத் சிறப்புக் கல்விப் பள்ளி, பார்வையற்ற பிள்ளைகளுக்கென நம் நாட்டில் இயங்கும் சில ஆரம்பப் பள்ளிகளில் ஒன்று. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் வீட்டில் அண்ணன், தங்கை உண்டு. அவர்கள் கணினியில் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நிலை இப்போது மெல்ல மாறி வருகிறது.

2016-இல் வெளிவந்த ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டு பார்வையற்றோரை மனத்தில் வைத்து உருவானதல்ல. ஆனால் ‘ஸ்டார்டியூ ஆக்செஸ்’ என்ற ‘மோட்’, அதாவது கூடுதல் நிரலை அதில் சேர்த்தால், எதிரே இருப்பது மரமா கல்லா, பையில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் குரலில் சொல்லிவிடும். இதைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டுக்கும் இத்தகைய மோட் உண்டு.

சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. மோட்டைச் சேர்க்க வேறொரு கருவி வேண்டும். கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், ஒரு பொத்தானுக்கு நிரல் எழுதியவர் கொடுத்த பெயரைத்தான் வாசிக்கும். பெயர் தராமல் வெறும் படமாக வைத்தால் “பொத்தான்” என்று மட்டும் சொல்லும், அல்லது மௌனமாகிவிடும். சுட்டியால் இழுத்துவந்து போடச் சொல்லும் கருவிகளிலும் இதே கதைதான்.

ஸ்டார்டியூவுக்குத் தேவையான ‘ஸ்மாபி’ கருவி ஒரு நல்ல விதிவிலக்கு. எழுத்து மட்டுமே உள்ள திரையில் அது கேள்வி கேட்கும், எண்ணைத் தட்டினால் போதும். பழைய பாணி என்று பலர் முகம் சுளிக்கும் அந்தத் திரைதான் இங்கே வசதி!

2024 மார்ச்சில் அந்த விளையாட்டின் 1.6 பதிப்பு வந்தபோது பல மோட்டுகளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணனைக் கூப்பிட வேண்டுமென்றால், அது சொந்தமாக விளையாடுவது ஆகுமா?

விளையாட்டுகளை உருவாக்கும் இலவச மென்பொருளான ‘கோடோ’, 2025 செப்டம்பரில் வெளியிட்ட 4.5 பதிப்பில் திரைவாசிப்பான் ஆதரவைச் சேர்த்தது. முழுமையானதல்ல, என்றாலும் விளையாடுவதோடு நிற்காமல் உருவாக்கவும் வழி திறந்திருக்கிறது.

மலேசியாவின் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம், 30-ஆவது பிரிவில் தகவல் தொழில்நுட்பத்தையும், 32-ஆவது பிரிவில் பொழுதுபோக்கையும் உரிமையாகச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. வெளிநாட்டுத் தன்னார்வலர் எழுதும் கருவியை அது எப்படியும் கட்டுப்படுத்தாது.

உள்ளூரில் செய்யக்கூடியது வேறு. ஆஸ்திரேலியாவில் உருவான ‘என்விடிஏ’ திரைவாசிப்பான் இலவசம். கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். பெடி என்று முன்பு அழைக்கப்பட்ட நாடி மையங்களின் கணினிகளில் இதை வைக்கப் பெரிய செலவு ஏதுமில்லை. வீட்டுக் கணினியில் விண்டோஸ் இருந்தால் கண்ட்ரோல், விண்டோஸ், எண்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அதிலேயே உள்ள ‘நெரேட்டர்’ பேசத் தொடங்கும்.

என்விடிஏ தமிழும் மலாயும் வாசிக்கும். ஆனால் ஸ்டார்டியூ வேலி இவ்விரு மொழிகளிலும் வெளிவரவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை அதை இப்போதைக்கு ஆங்கிலத்தில்தான் கேட்டு விளையாட வேண்டும்.