அட்டவணைக்கு முன் அடுப்பு

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். தாதுவிலிருந்து உலோகம் வெளிவருவதைப் பார்த்ததுண்டா? மாணவர்கள் வினைத்திறன் தொடரை மனனம் செய்தால் மட்டும் போதாது.

பச்சைச் செம்புக் கார்பனேட்டைச் சூடாக்கினால் கறுப்பு ஆக்சைடு கிடைக்கும். அதைக் கரித்தூளுடன் கலந்து, மூடிய மூசையில் வலுவாகச் சூடாக்கினால் கரி ஆக்சிஜனைப் பறிக்கும். செந்நிறச் செம்பு மிஞ்சும். ஆறுவதற்குள் திறந்தால் காற்றுப் பட்டு மீண்டும் கறுத்துவிடும். கிந்தாவில் தோண்டிய வெள்ளீயத் தாதுவிலும் கரி செய்வது இதே வேலைதான், வெப்பம்தான் கூடுதல்.

அடுத்து அலுமினிய ஆக்சைடையும் அவ்வாறே சூடாக்கட்டும். எந்த மாற்றமும் வராது. அலுமினியத்துக்கு ஏன் மின்சாரம் வேண்டும் என்ற கேள்வியை மாணவரே கேட்பார்.

ஆசிரியர்களே, கண்ணாடி அணிவித்து, சன்னல்களைத் திறந்துவைத்து, முதலில் சோதனையைச் செய்யவிடுங்கள். அட்டவணை பிறகு வரட்டும்.