கல்லூரி 22-இல் அனுப்புகிறது, கடன் 35-இல் வருகிறது

காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க அமைச்சர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை வந்து போகிறார்கள். கி.பி. 921-இல், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. ஊர் வாரியத்துக்கு நிற்பவர் 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஊர்க் கணக்கைப் பார்க்கிறவருக்கு அது பொருத்தமான வயதுதான். 2025 ஏப்ரலில் நம் மாவட்டத்துக் குன்றத்தூரில் முதலமைச்சர் தொடங்கி வைத்த கலைஞர் கைவினைத் திட்டத்திலும் குறைந்தபட்ச வயது அதே 35. சிற்ப வேலை உள்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் கால் பங்கு, 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியம். நல்ல திட்டம். ஆனால் 35 வயது வரை ஒரு சிற்பி தொழிலில் தாக்குப்பிடிக்க வேண்டுமே!

இந்த வரம்பு ஏன் வந்தது என்பதை அறிவோம். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 வயதுப் பையனைப் படிப்பிலிருந்து பிடுங்கி அப்பன் தொழிலில் உட்கார வைத்துவிடும் என்று தமிழ்நாடு அரசு அஞ்சியது. அதில் நியாயம் உண்டு, அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் சாதியைத் தாண்டி இந்தக் கலையைக் கற்க அரசே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்த எந்த வீட்டுப் பிள்ளையும் சேரலாம். நான்கு வருடம் படித்து, பட்டத்தோடு வெளியே வரும்போது வயது 22. பட்டறை போட நினைக்கும் அந்தப் பட்டதாரி, அரசின் கைவினைக் கடனுக்கு இன்னும் 13 வருடம் காத்திருக்க வேண்டும். வேறு கடன்கள் இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன. வங்கி மேலாளர் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்பார். சிற்பியின் வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை, கும்பாபிஷேகக் கணக்கில் வருகிறது.

2019-இல் மாவட்டம் பிரிந்தபோது கடற்கரையும் சிற்பக் கல்லூரியும் செங்கல்பட்டுப் பக்கம் போயின. நமக்குக் கல் மிஞ்சியது. சாதாரணக் கல்லும் அல்ல. கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவர் சிலையை அந்தக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் வை. கணபதி ஸ்தபதி எழுப்பியபோது, வெளிப்புறத்துக்கென்று உயர்தரக் கருங்கல் போனது நம் உத்திரமேரூர் வட்டத்துச் சிறுதாமூரிலிருந்து. இன்று இந்தப் பக்கத்துக் கல் பெரும்பாலும் கிரஷருக்குப் போய் ஜல்லியாகவும் எம் சாண்டாகவும் லாரி ஏறுகிறது. வீடு கட்ட ஜல்லி வேண்டும், மறுக்கவில்லை. வெடிப்பு இல்லாத, தட்டினால் மணி போல ஒலிக்கிற பாறையையும் சேர்த்து அரைப்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் கல்லைச் செதுக்கும் பட்டறை என்றால் உங்கள் கோப்பில் அது ஒரு சிறு தொழிற்கூடம். உள்ளே நடப்பது பாதிக்குப் பாதி பாடம். புதிதாக வருகிற பையன் முதலில் சிலையைத் தொடமாட்டான். உலையில் உளி காய்ச்சி முனை அடிக்கப் பழகுவான். பிறகு கல்லைச் சதுரித்து மட்டம் பார்ப்பது, காவியில் நூல் அடிப்பது. நிரவிய பரப்பில் உளித்தடம் ஒரே ஆழத்தில் வர மாதங்கள் ஆகும். பீடத்துத் தாமரை இதழ், ஆபரணம், கை கால் என்று படிப்படியாக ஏறுவான். உத்தம தசதாலம் என்ற சிலை அளவுமுறையில் உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலம் என்ற கணக்கை மனப்பாடம் செய்துவிடலாம். அதில் எங்கே கல்லை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கூட இருந்து பார்த்தால்தான் பிடிபடும். முகத்தைக் கடைசி வரை ஸ்தபதிதான் செய்வார். இத்தனையும் கற்றுக்கொடுப்பதற்கு அவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. கற்கிற பையனுக்கும் அவர் கையிலிருந்து கொடுப்பதுதான்.

அவர் கையும் எப்போதும் நிறைந்திருப்பதில்லை. திருப்பணிக் குழு முன்பணம் கொடுக்கும், நன்கொடை வசூலாகும் வரை மீதி தங்கும், திடீரென நாள் குறித்துவிட்டு ராப்பகலாய் வேலை கேட்கும். விழா முடிந்தால் அடுத்த ஆர்டர் எப்போதோ. அந்த இடைவெளியில்தான் பையன்கள் கழன்றுகொள்கிறார்கள். ஒரகடம் கம்பெனி வண்டி ஊர் முனைக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

வயது வரம்பை மாற்றுவது உங்கள் அதிகாரத்தில் இல்லை. பரிந்துரைப்பது இருக்கிறது. சிற்பக் கல்லூரிப் பட்டமோ, ஒரு பட்டறையில் ஐந்தாண்டுப் பயிற்சியோ உள்ளவர்களுக்கு வரம்பை 21 ஆக்கும்படி அரசுக்கு எழுதுங்கள். அர்ச்சகர், ஓதுவார் பயிற்சி மாணவர்களுக்கு அறநிலையத் துறை ஊக்கத்தொகை தருகிறது. அவர்கள் வணங்குகிற சாமியைச் செதுக்கப் பழகுகிறவனையும், 18 வயது முடிந்திருந்தால், அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். குவாரி உரிமங்களைப் புதுப்பிக்கும்போது, சிலைக்கு ஏற்ற பாறையை உள்ளூர்ப் பட்டறைகளுக்கு நியாய விலையில் ஒதுக்க வழி இருக்கிறதா என்று கனிமவளத் துறையைக் கேளுங்கள்.

இன்னொன்று, இதற்கு மேலிடத்து உத்தரவு எதுவும் வேண்டாம். கையுளி இருந்த இடத்தில் கிரைண்டர் வந்த பிறகு பட்டறைக்குள் தூசி கண்ணை மறைக்கிறது. கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் ஆக்கும், வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி வெகுவாகக் குறையும். உத்திரமேரூர் வட்டாரப் பட்டறைகளில் ஸ்தபதி, பையன்கள் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஒரு முகாமை இந்த மாதமே நடத்த உத்தரவிடுங்கள்.