பூப் பார்க்கப் போகும் நாள்



ஐப்பசி மழை இரண்டு தரம் பெய்து முற்றத்துப் புழுதி அடங்கியதும் உரும்பிராயிலுள்ள எமது மாதர் குழுவில் ஒரு கேள்வி எழும். "இந்த முறை எப்ப போறம்?" நல்லூர்த் திருவிழாவைப் பற்றிய கேள்வியல்ல இது, அது ஆவணியோடு முடிந்துவிடும். கார்த்திகை மாதத்தில் நல்லூர் சங்கிலியன் பூங்காவில் தமிழ்த்தேசியப் பசுமை இயக்கத்தினர் நடத்திவரும் 'கார்த்திகை வாசம்' மலர்க் கண்காட்சியைப் பற்றிய கேள்வி. கார்த்திகையை மரநடுகை மாதமென வட மாகாண சபை 2014 ஆம் ஆண்டில் அறிவித்தது. மழைக்காலத்தில் நட்ட கன்றுதான் அடுத்த கோடையைத் தாண்டும் என்பது எங்கள் பாட்டிமாருக்கு அதற்கு முன்னரே தெரியும். பூக்கன்று வாங்குவதற்கும் அதுவே ஏற்ற காலம்.

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து நல்லூருக்கு எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலம்கூட ஆகாது. "இதுக்கு ஒரு கூட்டமோ? இதுக்கு ஒரு திட்டமோ?" என்று ஒரு சகோதரியின் கணவர் சிரித்தாராம். "பூப் பார்க்க பஸ்ஸில போகோணுமோ? எங்கட வேலியில செவ்வரத்தை பூக்குதுதானே" என்றும் சொன்னாராம். அவர் கெட்ட மனிதர் அல்லர். வேலியில் பூக்கும் செவ்வரத்தையை மனைவி கடைசியாக எப்போது நின்று பார்த்தார் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் பெண்கள் வீட்டை விட்டு வெளியே போகாதவர்கள் அல்லர். சந்தைக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடக் கூட்டம், கிராம அலுவலர் கந்தோர், செத்த வீடு, கலியாண வீடு, கோயில் என்று எல்லாவற்றுக்கும் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் வேறொருவருக்காக இருக்கும். சும்மா பார்ப்பதற்காகப் போகும் நாள் மட்டும் வருடத்தில் ஒன்றும் இராது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989 இல் எழுதிய நூலொன்றில், கூலி வேலை முடித்து வரும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது வேலைமுறை காத்திருக்கிறது என்றார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது அமெரிக்கக் கதையாகத் தோன்றியது. வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிவிட்டு வந்து அடுப்பு மூட்டும் எங்களூர்ப் பெண்களோடு வேலை செய்யத் தொடங்கிய பின்னர் அப்படித் தோன்றுவதில்லை.

முதலில் எல்லோருக்கும் நுவரெலியாதான் கனவாக இருந்தது. ஏப்ரல் மாத வசந்தகாலம், விக்டோரியா பூங்கா, ஹக்கல தாவரவியற் பூங்கா என்று தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஆசைப்பட்டார்கள். ஆசைப்படக்கூடிய இடந்தான். குவினைன் மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்கென 1861 இல் தொடங்கிய ஹக்கல, இன்று ரோசாவுக்கும் பன்னத்துக்கும் பேர்போனது. கடல் தாண்டினால் உதகமண்டலத்தில் 1896 இல் ஆரம்பித்த மலர்க் கண்காட்சி இருக்கிறது. ஆனால் இரவுப் பயணம், தங்குமிடம், செலவு என்று கணக்குப் பார்த்தபோது இருபது பெயரில் ஆறு பெயர்தான் மிஞ்சினர். மிஞ்சிய ஆறு பேரும் ஓரளவு வசதியுள்ளவர்கள். ஆறு பேர் மலைநாட்டுக்குப் போய்ப் படம் எடுத்து மற்றப் பதினான்கு பேருக்குக் காட்டுவதை விட, எல்லோரும் நல்லூருக்குப் போவது மேல் என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு கிளைக்கதை. எமது சகோதரி ஒருவரின் தங்கை லண்டனில் இருக்கிறார். அவர் தொலைபேசியில் செல்சி மலர்க் கண்காட்சியைக் காட்டினார். அரச தோட்டக்கலைச் சங்கம் 1913 இல் அந்த இடத்தில் தொடங்கியது. உலகப்போர்க் காலங்களில் நின்று, பின்னர் தொடர்ந்தது. மே மாதத்தில் சில நாட்களே நடக்கும். கடைசி நாள் பின்னேரம் மணி அடித்ததும் காட்சிக்கு வைத்த செடிகளை விற்பது வழக்கம். ஆளுயரச் செடிகளைத் தோளில் வைத்துக்கொண்டு கனவான்களும் சீமாட்டிகளும் ரயிலுக்கு நடப்பார்கள். அதைப் பார்த்து எங்களவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னர் அந்தத் தங்கை இன்னொன்றும் சொன்னார்: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை அங்கே உள்ளே விடமாட்டார்களாம், கைக்குழந்தையாக இருந்தாலும். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகன். ஆகவே, லண்டனிலேயே இருந்தும் அவர் அதை நேரில் பார்த்ததில்லை. பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி செல்சிக்கும் உரும்பிராய்க்கும் பொதுவானது என்று அன்று விளங்கியது.

ஆகவே, எங்கள் திட்டத்தில் முதலாவது வரி பஸ் அல்ல, பிள்ளைகள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் எம்முடன் வருவார்கள். சிறியவர்களைப் பார்ப்பதற்கு ஊரிலுள்ள ஒரு பெரியம்மாவை ஒழுங்கு செய்தோம். சும்மா அல்ல, குழுவின் சேமிப்பிலிருந்து ஒரு நாட் கூலி கொடுத்தோம். "பிள்ளை பார்க்கிறதுக்குக் காசோ?" என்று அவரே கேட்டார். வாங்க மறுத்து, கடைசியில் வாங்கினார். இரண்டாவது வரி மத்தியானச் சாப்பாடு. விடியவே எழும்பி சோறு, இரண்டு கறி சமைத்து மூடிவைத்துவிட்டு வந்தால் அந்தப் பெண் பூங்காவுக்கு வரும்போதே களைத்துப்போவார். முதல் நாள் இரவு அவித்த பிட்டும் சம்பலும் அன்று எல்லா வீட்டுக்கும் போதும் என்று கூட்டத்தில் தீர்மானித்தோம். எல்லா வீட்டிலும் ஒரே சாப்பாடு என்றால் எந்த வீட்டிலும் முணுமுணுப்பு இராது. 'அனுமதி கேட்டல்' என்ற சொல்லையும் விட்டுவிட்டோம். ஒரு கிழமைக்கு முன்னரே வீட்டில் 'அறிவித்தல்' என்று வைத்துக்கொண்டோம்.

திகதி குறிப்பது எளிதல்ல. கார்த்திகை மழையின் மாதம். 2008 இல் நிஷா புயலின்போதும், 2024 நவம்பர் கடைசியிலும் குடாநாட்டில் வெள்ளம் நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே, ஒரு நாளும் அதற்குப் பதிலாக இன்னொரு நாளும் குறித்துவைக்க வேண்டும். 2024 இலும் 2025 இலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. பரீட்சைப் பிள்ளை உள்ள தாயைக் கூப்பிட்டாலும் வரமாட்டார். அத்துடன் நவம்பர் 27 ஐ அண்டிய நாட்களைத் தவிர்க்கிறோம். எமது குழுவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். அந்தக் கிழமையில் அவர்களுக்குப் பூ என்பது வேறொன்று.

இனி, சொல்லத் தயங்கிய விடயத்துக்கு வருகிறேன். எமது குழுவில் நாற்பதுகளின் கடைசியில் ஒரு அக்கா. 2009 இல் வன்னியில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்தவர். அவருடைய முற்றத்தில் கத்தரி, மிளகாய், பயற்றை எல்லாம் நிற்கும். பூக்கன்று ஒன்றும் நின்றதில்லை. "பூ பார்க்க எனக்கென்ன வேலை தங்கச்சி? சனம் என்ன கதைக்கும்?" என்றார். சனம் கதைக்கும் என்பது பொய்யல்ல. வளவில் மல்லிகை நட்டதற்காக "ஆருக்கு வைக்க?" என்று கேட்கப்பட்ட பெண்களை நான் அறிவேன்.

பயணம் போகும் நாளில் ஒருவர் மல்லிகை மாலை கட்டிக்கொண்டு வந்து பஸ் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் கிள்ளிக் கொடுப்பது எங்களிடம் வழக்கம். அந்தக் கை ஒரு பெண்ணுக்கு முன்னால் வந்ததும் தயங்கும், அல்லது அவரைத் தாண்டிப் போகும். இதைப் பற்றிக் கூட்டத்திலே வெளிப்படையாகக் கதைத்தோம். ஒருவரும் பூ வைக்காமல் போவோம் என்றார் ஒருவர். அந்த அக்காவே மறுத்தார்: "எனக்காக நீங்கள் ஏன் வெறும் தலையோட வரவேணும்?" கடைசியில், கட்டிய பூவை ஒரு தட்டில் வைப்பது, விரும்பியவர் விரும்பியபடி எடுப்பது, ஒருவர் தலையில் இன்னொருவர் வைக்காமல் விடுவது என்று ஏற்பாடாயிற்று. சின்ன விடயந்தான், ஆனாலும் ஒரு மணித்தியாலம் எடுத்தது. எடுத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கைம்பெண்ணைக் காணும்போது தட்டை மறைப்பது சமயமும் அல்ல, பண்பாடும் அல்ல; பழக்கத்தினால் வந்த கொடுமை.

பயணம் இலகு. உரும்பிராய்ச் சந்தியில் பஸ் ஏறி, பலாலி வீதியால் கோண்டாவில் தாண்டித் திருநெல்வேலிச் சந்தியில் இறங்கினால், அங்கிருந்து மூவர் நால்வராக ஓட்டோவில் போகலாம். வான் பிடிக்கலாமே என்று கேட்பார்கள். பஸ்ஸில் போகப் பழகினால் அடுத்த முறை அந்தப் பெண் தன் பிள்ளையோடு தனியாகவே போவார். காலை ஒன்பது மணிக்கு முன் புறப்பட வேண்டும். கார்த்திகையில் ஆறு மணிக்கு முதலே இருட்டிவிடும். மழை இருட்டு என்றால் இன்னும் வேளைக்கு. குடை கட்டாயம். மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று முதலே விசாரித்து, இறங்கியவுடன் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் பெண்கள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் நிற்பார்கள். நான் பலமுறை கண்டது இது. திரும்பும்போது நல்லூரடியில் ஐஸ்கிரீம் உண்டு. அதற்குப் பிள்ளைகளை விடத் தாய்மாரே அவசரப்படுவார்கள்.

கன்று வாங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது அங்கேதான். கண்ணைப் பறிக்கும் பூவைப் பார்த்தவுடன் வாங்காதீர்கள். ஒரு முறை முழுவதையும் சுற்றிப் பாருங்கள். விற்பவரிடம் இந்தக் கன்று எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். குளிர்பிரதேசத்திலிருந்து வந்த பெகோனியாவும் ஹைட்ரேஞ்சியாவும் மார்கழி முடியும்வரை சிரித்துக்கொண்டிருக்கும். பங்குனி வெயில் வந்ததும் வாடிவிடும். எங்கள் மண்ணுக்குச் செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா, கடதாசிப்பூ, பட்டிப்பூ போன்றவை பழகியவை. சாடியின் அடித் துவாரத்தால் நிறைய வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் அந்தக் கன்று நீண்ட நாள் சாடியில் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். பூத்து முடிந்ததை விட மொட்டோடு நிற்பதை எடுங்கள்.

இன்னொன்று எங்கள் கிணற்றுத் தண்ணீர். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருப்பதால் தண்ணீர் வன்மையானது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தால் தெரியும். இந்தத் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் எக்சோரா, ரோசா போன்றவற்றின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாமற் போவதே காரணம். மழைத் தண்ணீரை வாளிகளில் பிடித்துவைத்து அவற்றுக்கு ஊற்றலாம். சாடிக்குச் செம்மண்ணோடு மக்கிய மாட்டெருவும் கொஞ்சம் தும்புச்சோறும் கலந்தால் தண்ணீர் வடியும், ஈரமும் நிற்கும்.

கார்த்திகைப்பூவைக் கண்டால் பிள்ளைகள் கிட்டப் போவார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. மருந்துக்காக அங்கே தோட்டமாகவும் பயிரிடுகிறார்கள். ஆனால் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. வீட்டில் வைப்பதானால் மரவள்ளி, வற்றாளை நிற்கும் பக்கத்தில் வைக்கவேண்டாம், கிழங்கு மாறிப்போகும்.

கன்று விற்க நிற்பவர்களில் பெண்களைக் கண்டால் கொஞ்சம் நின்று கதையுங்கள். தடி வெட்டிப் பதியம் வைப்பது எப்படி, எந்தக் கன்று விலைப்படும் என்பதை அவர்கள் சொல்லித் தருவார்கள். ஒரு செவ்வரத்தைத் தாய்மரத்திலிருந்து ஒரு மழைக்காலத்தில் பத்துக் கன்று எடுக்கலாம்.

நான் சொன்ன அக்கா சென்ற முறை வந்தார். தட்டிலிருந்து பூ எடுக்கவில்லை. காலை முழுவதும் விலை மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்தார். புறப்படும் நேரத்தில் ஒரு நந்தியாவட்டை வாங்கினார், சாமிக்கு என்றார். ஓட்டோ வந்து நின்ற பிறகு திரும்பிப் போய் அடுக்குச் செவ்வரத்தை ஒன்றும் வாங்கிவந்தார். அது மகளுக்கு என்றார். இப்போது அவருடைய முற்றத்தில் ஆறு சாடிகள் நிற்கின்றன. மற்ற நாலும் யாருக்கென்று நாங்கள் கேட்கவில்லை.

உங்கள் ஊர்க் குழுவும் போக நினைத்தால் ஆவணியிலேயே சேமிப்பைத் தொடங்குங்கள். கிழமைக்கு நூறு ரூபா வைத்தால் பத்துக் கிழமையில் ஆயிரம் ரூபா. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் போக ஒரு கன்று வாங்கலாம். கன்று கொண்டுவர பொலித்தீன் பை வேண்டாம். கழுவிய உரப்பை ஒன்றைக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் சாடியைக் காலடியில் வைத்து, இரண்டு முழங்காலாலும் பிடித்துக்கொண்டால் மண் சிந்தாது.