நாடகத்தின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

நாடகம் முடிந்ததும் நாம் முதலில் கேட்பது என்ன? "கூட்டம் எவ்வளவு? வசூல் எவ்வளவு?" என்பதுதான். இது சினிமாக் கொட்டகை முதலாளி கேட்கும் கேள்வி. உழைப்பாளியின் கலைக்குழுவும் இதையே கேட்டு நின்றுவிடலாமா?

தில்லி ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் வரலாற்றைப் பாருங்கள். 1973-இல் பிறந்த இக்குழு முதலில் பெரிய மேடை நாடகங்களையே போட்டது. அவசரநிலை 1977-இல் முடிந்தபின், மேடைக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைத் தாங்கச் சங்கங்களிடம் பணம் இல்லை. குழு சோர்ந்து உட்காரவில்லை. பெரிய நாடகம் தொழிலாளியிடம் போக முடியாவிட்டால் சிறிய நாடகம் போகட்டும் என்று துணிந்தது.

1978-இல் 'மெஷின்' பிறந்தது. தில்லிக்கு அருகே ஓர் ஆலையில் சைக்கிள் நிறுத்த இடமும், டீ குடிக்கக் கேண்டீனும் கேட்ட தொழிலாளர்கள் மீது குண்டு பாய்ந்தது. அதுவே நாடகத்தின் கரு. திரை இல்லை, நடிகர்களின் உடம்பே இயந்திரமாகச் சுழன்றது. மொத்தம் சுமார் 13 நிமிடம். ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

சிறிய நாடகம் என்றால் மட்டமான நாடகம் என்று பொருளா? இல்லவே இல்லை. "தொழிலாளி பார்ப்பதுதானே, எப்படிப் போட்டால் என்ன?" என்ற அலட்சியம் நம் வர்க்கத்துக்கே அவமானம். 13 நிமிடத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல ஒத்திகை அதிகம் வேண்டும், குறைவாக அல்ல.

1989 ஜனவரி 1 அன்று, சாகிபாபாத் ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நடந்துகொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினர். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். குழுவின் தோழர் சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர் நீத்தார். ஜனவரி 4 அன்று அவருடைய துணைவியார் மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தனர். அன்றைக்கு வசூல் என்ன என்று கேட்க யாருக்கு நா எழும்?

தோழர்களே! நம் கணக்கையும் மாற்றி எழுதுவோம். ஏழைச் சங்கமும் நம்மை அழைக்க முடிகிறதா? களை எடுத்துக் களைத்து வந்த பெண் தன் கதையை அதில் கண்டாளா? மறுநாள் தறியருகே அதைப் பற்றி வாதம் நடந்ததா? பார்த்தவர்களில் ஒருவர் "நானும் நடிக்கிறேன்" என்று முன்வந்தாரா? அடி விழுந்த இடத்துக்கே குழு திரும்பிப் போகுமா?

இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால், பார்த்தவர் ஐம்பதே பேரானாலும் அது வெற்றிதான். முடியாவிட்டால், பத்தாயிரம் பேர் கைதட்டினாலும் நம் வேலை பாக்கி இருக்கிறது!