ரயில் எண்ணிய பட்டதாரிகள்

2022 ஜூன், ஜூலையில் புது டெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த குறைந்தது 28 பேர், நாளுக்கு எட்டு மணி நேரம், வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர், குமாஸ்தா வேலைகளுக்கு அதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலோர் பொறியியல் படித்தவர்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் கைமாறியிருந்தது. படித்த பிள்ளைகளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்பது எளிது. ஆனால் ரயில்வே மருத்துவமனையில் உடல் பரிசோதனை, ரயில்வே அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு என எல்லாச் சடங்குகளையும் அவர்களை ஏமாற்றிய கும்பல் நடத்திக் காட்டியிருந்தது. கடிதத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா, மின்னஞ்சல் முகவரி சரியா என்று பாருங்கள் என மாணவர்களுக்குச் சொல்லும் வழக்கமான அறிவுரையில் சிக்குபவன் சோம்பேறி மோசடிக்காரன் மட்டுமே.

என் கணிப்பில், இந்த மோசடிக்கு முதலீடு போலிக் கடிதம் அல்ல. அரசு வேலையைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று நம் வீடுகளில் வேரோடிய நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை இருக்கும் இடத்தில், பணம் கேட்பதே ‘ஆள் உள்ளே செல்வாக்குள்ளவர்’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. ரசீது கேட்பது அநாகரிகம். ஏமாந்த பிறகு காவல் நிலையம் போகவும் தயக்கம். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறதே!

நிஜ வேலைக்கும் பணம் கட்டத்தானே வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். கட்டணம் உண்டு, ஆனால் அதன் இயல்பே வேறு. ரயில்வே தேர்வு வாரியம் பொதுப் பிரிவினரிடம் வாங்கும் 500 ரூபாயில், கணினித் தேர்வை எழுதியவருக்கு 400 ரூபாயை வங்கிக் கட்டணம் போகத் திருப்பித் தருகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு ரசீது உண்டு. தேர்வான பிறகு ‘பயிற்சிக்கு’, ‘மேலிடத்துக்கு’ என்று கேட்கும் தொகைக்கு எந்த அறிவிக்கையிலும் இடமில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: பணத்துக்கு வேலை விற்கப்பட்டதே இல்லையா? உண்டு. டிஎன்பிஎஸ்சியின் 2019 குரூப் 4 முறைகேடு நாடறிந்தது. அதில் கிடைத்தது என்ன? 99 தேர்வர்களுக்கு வாழ்நாள் தடை. குறுக்குவழி நிஜமாகவே இருந்தபோதும், அதில் போனவர் இருந்த வாய்ப்பையும் இழந்தார். அதே சமயம், ‘விழிப்புடன் இருங்கள்’ என்று விளம்பரம் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்க முடியாது. உள்ளே நடக்கும் விற்பனை ஒவ்வொன்றும் வெளியே ஒரு போலித் தரகருக்குக் கடை திறந்து கொடுக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: நகையை அடகு வைக்குமுன் அறிவிக்கை எண்ணைக் கேளுங்கள். பணம் ஏற்கெனவே கணக்கு மாறியிருந்தால், வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மோசடிக்காரர் எடுப்பதற்குள் வங்கியில் முடக்கினால்தான் அந்தப் பணம் மீளும்.