பேடில் நிற்கட்டும், ஸ்டியரிங் மட்டும் சுற்றட்டும்



ரிட்டயர் ஆன டீச்சருக்கு ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவன் எழுதியிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச், இப்போது ஜெர்மனியில் நல்ல வேலை. "பேடில் ஷிஃப்டர் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்ற வேண்டும். அதுதான் ரேஸ் கார் முறை. தண்டில் அசையாமல் நிற்பது பழைய பஞ்சாங்கம்" என்பது அவன் தீர்ப்பு. ஏகப்பட்ட பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள். அதில் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும் ஒருவர்! அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

தெரியாதவர்களுக்கு: கிளட்ச் மிதி இல்லாத ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு தகடுகள் இருக்கும். வலது தகட்டை இழுத்தால் கியர் கூடும், இடதை இழுத்தால் குறையும். இதுதான் பேடில். சில கம்பெனிகள் இதை ஸ்டியரிங்கிலேயே பொருத்துகின்றன. ஸ்டியரிங் சுற்றினால் பேடிலும் கூடவே சுற்றும். போர்ஷே, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. எல்லாம் இந்தக் கட்சி. வேறு சில கம்பெனிகள் ஸ்டியரிங் தண்டில் பொருத்துகின்றன. ஸ்டியரிங் எப்படிச் சுற்றினாலும் பேடில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபெராரி, லம்போர்கினி ஹுராக்கான், ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ இந்தப் பக்கம். நானும் இந்தப் பக்கம்தான்.

"ரேஸ் கார் முறை" என்கிறான் அல்லவா, அதையே முதலில் பார்ப்போம். 1989-ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 என்ற ஃபார்முலா 1 காரில்தான் இந்தப் பேடில் முதலில் பந்தயத்துக்கு வந்தது. அந்த வருடத்தின் முதல் பந்தயத்தை, பிரேசிலில், நைஜல் மேன்செல் அந்தக் காரில் ஜெயித்தார். பேடில் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. சரி. ஆனால் பந்தயக்காரர் ஸ்டியரிங்கை விட்டுக் கை எடுப்பதே அபூர்வம். கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் நிறையத் திரும்பும். அங்கே பேடில் கையோடு இருப்பது நியாயம்.

அதே ஃபெராரி 1997-ல் எஃப்355 என்ற சாலைக் காரில் பேடில் வைத்தபோது எங்கே வைத்தது? ஸ்டியரிங்கில் இல்லை, தண்டில்! பந்தயத்தில் ஜெயித்த கம்பெனியே சாலைக்கு வந்ததும் இடத்தை மாற்றியது. சாலைக் காரில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டும். கை மாற்றி மாற்றித்தான் பிடிக்க வேண்டும். அரைச் சுற்று திரும்பிய ஸ்டியரிங்கில் வலது பேடில் இடது பக்கம் வந்துவிடும், இடது பேடில் வலது பக்கம் போய்விடும். கூட்டலும் கழித்தலும் இடம் மாறிய கணக்கை யார் சரியாகப் போடுவார்கள்?

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை ஆசையாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு என்னைக் கூட்டிப் போனார். ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் ஓர் இடது வளைவு. கியரைக் குறைத்து இன்ஜினால் வேகத்தை அடக்கலாம் என்று இடது கைக்கு அகப்பட்ட பேடிலை இழுத்தார். ஆனால் ஸ்டியரிங் திரும்பியிருந்ததால் அங்கே இருந்தது கூட்டல். இன்ஜின் சத்தம் தணிந்தது, கார் இறக்கத்தில் விடுபட்ட மாதிரி ஓடியது. எதிரே சைக்கிள்காரர்கள் நான்கைந்து பேர் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. கீழே வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை. மாப்பிள்ளை, மறந்துவிட்டீர்களா?

"வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்திருக்க வேண்டும் டீச்சர்" என்று எழுத வருவீர்கள். உண்மைதான், அதுதான் சரியான முறை. ஆனால் 35 வருடம் விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: தெரிந்த பிள்ளையும் தவறு செய்யும். தவறு செய்கிறவனையும் காப்பாற்றும் மாதிரிதான் ஒரு கருவியைச் செய்ய வேண்டும்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. நிசான் ஜிடி-ஆர் வந்தபோது பேடில் தண்டில் இருந்தது. 2017 மாடலில் ஸ்டியரிங்குக்கு மாற்றினார்கள். வளைவின் நடுவிலும் கை எடுக்காமல் கியர் மாற்றலாம் என்றார்கள். நீண்ட, இளகிய வளைவில் அது வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டில் உள்ள தகட்டை நீளமாகச் செய்தால் அந்த வளைவிலும் விரலுக்கு எட்டும். ஃபெராரியும் ஆல்ஃபாவும் அப்படித்தான் செய்கின்றன. கொண்டை ஊசி வளைவில் தலைகீழாகிப்போன பேடிலுக்கு மட்டும் மாற்று வழி இல்லை.

என் கட்சிக்காரர்களையும் விடப்போவதில்லை. பேடிலைத் தண்டில் நிறுத்திய ஃபெராரி, 458 இத்தாலியாவில் இண்டிகேட்டர் பொத்தான்களை ஸ்டியரிங்கில் வைத்தது! ரவுண்டானாவில் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி வெளியேறும் சிக்னல் போடப் பொத்தானைத் தேட வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த கதை.

என் அப்பா வாடகை அம்பாசிடர் ஓட்டியவர் என்பது உறவினர்களுக்குத் தெரியும். அதில் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில்தான் இருந்தது. கொடைக்கானல் பாதையில் ஸ்டியரிங்கை எத்தனை தடவை சுற்றினாலும் கம்பி இடம் மாறாது. இருட்டிலும் மழையிலும் அப்பாவின் கை பார்க்காமலே அங்கே போகும். வீட்டு சுவிட்ச் தினம் ஒரு சுவரில் இருந்தால் நாம் சும்மா இருப்போமா?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் கம்பெனிகளில் இருக்கும் என் பிள்ளைகளே, இந்தப் பேச்சு உங்கள் மேசைக்கு வந்தால் டீச்சர் சொன்னதை நினையுங்கள். கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை: ஷோரூமில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை அரைச் சுற்று திருப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு கழித்தல் பேடிலைத் தொடுங்கள். முதல் தடவையிலேயே கிடைத்தால் வாங்குங்கள்.

மறுப்பவர்கள் கீழே எழுதலாம். காரணத்தோடு எழுதுங்கள். ஒற்றுப்பிழை இருந்தால் மதிப்பெண் குறைப்பேன்.