பத்து நிமிடம் இருந்தும் அணைக்கத் தெரியவில்லை

ஷா ஆலமில் ஒரு மாலை. இடி இடித்தது. மின்சாரம் போனது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. விளக்கு எரிந்தது. குளிர்சாதனம் ஓடியது. மின்தூக்கி ஏறி இறங்கியது. முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய தாள் மட்டும் மூன்று நாள் அகலவில்லை. அதில் இரண்டே சொற்கள்: ‘சிஸ்டம் டவுன்’.

அந்த அலுவலகத்தின் பெயரை நாம் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற அலுவலகங்கள் பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும்.

கிள்ளானிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த ஒரு முதியவரை நாம் அங்கே பார்த்தோம். “நாளைக்கு வாங்க அங்கிள்” என்றார்கள். மறுநாளும் வந்தார். அன்றும் நாளைக்கு வரச் சொன்னார்கள். முகப்பில் இருந்த இளம் ஊழியரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கும் ஒன்றும் தெரியாது. யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மின்சாரம் போன அரை மணி நேரம் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் கணக்கு. அதற்குப் பின் போன மூன்று நாள் யாருடைய கணக்கு? இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

அந்தக் கட்டடத்தின் சர்வர் அறையில் யூபிஎஸ் இருந்தது. மின்சாரம் போனதும் அது கத்தியது. தன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. இத்தகைய யூபிஎஸ் பெட்டிகளை மணிக்கணக்கில் வேலை பார்க்க யாரும் வாங்குவதில்லை. ஜெனரேட்டர் எழும்வரை தாங்கிக்கொள்ள வாங்குகிறார்கள். ஜெனரேட்டர் எழாவிட்டால், சர்வர்களை ஒழுங்காக அணைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்று வாங்குகிறார்கள். அந்த அவகாசம் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அந்தப் பத்து நிமிடத்துக்கு மக்களின் பணம் செலவாகியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. பேட்டரி தீர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் அப்படியே விழுந்தன.

இது விபத்து ஆகாது. விபத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது. இதற்கு முன்னறிவிப்பு இருந்தது, அதுவும் காதைத் துளைக்கும் சத்தத்தோடு.

விழுந்தது என்ன என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று ஓர் அலுவலகத்தில் சேவைக்கு ஒரு கணினி என்று வைத்துக்கொள்வதில்லை. நான்கைந்து பெரிய இயந்திரங்கள் இருக்கும். அவற்றுக்குள் நாற்பது, ஐம்பது மெய்நிகர் கணினிகள் குடியிருக்கும். அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு புளோக், ஐம்பது குடித்தனம், எல்லாருக்கும் பொதுவாக ஒரே தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிதான் சேமிப்பகம். எல்லாருடைய தரவும் அதில்தான் இருக்கிறது. வீடுகளில் குழாய் திறந்திருக்கும்போதே தொட்டியை மூடினால் என்ன ஆகும்? அதுதான் அன்று மாலை ஆனது.

அணைக்கும் முறை ஒன்றும் இரகசியம் கிடையாது. மக்கள் பயன்படுத்தும் செயலிகளை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்தது தரவுத்தளம். கையில் இருக்கும் பதிவை எழுதி முடித்து அது தானே மூடிக்கொள்ளும்வரை அதன் மின்சாரத்தைத் தொடக்கூடாது. பிறகு மற்ற மெய்நிகர் கணினிகள். பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வர், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வர், அனைத்தையும் மேலாண்மை செய்யும் சர்வர் ஆகியவை அவற்றுக்கும் பின்னால். எல்லாம் ஓய்ந்த பிறகு இயந்திரங்கள். இயந்திரங்கள் ஓய்ந்த பிறகே சேமிப்பகம். கடைசியில் நெட்வொர்க் சுவிட்ச். எழுப்பும்போது இதே வரிசை தலைகீழ்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. விஎம்வேர், ஹைப்பர்-வி, புரோக்ஸ்மாக்ஸ் எதுவானாலும், ஓர் இயந்திரம் விழுந்தால் அதன் குடித்தனங்களை அடுத்த இயந்திரத்தில் தானே எழுப்பிவிடும் வசதி வைத்திருக்கிறது. மற்ற நாள்களில் அது பெரிய உதவி. அணைக்கும் நேரத்தில் அதுவே வினை. நீங்கள் ஒரு புளோக்கைப் பூட்டிக்கொண்டு வருவீர்கள். விழுந்துவிட்டது என்று நினைத்து அது குடும்பங்களை அடுத்த புளோக்கில் குடியேற்றும். ஆகவே அதை முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும். இது ஒவ்வொரு பொறியாளருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியதை யாரும் செய்துபார்க்கவில்லை.

செய்துபார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யூபிஎஸ் அனுப்பும் ‘அணைந்துகொள்’ என்ற செய்தி நெட்வொர்க் வழியாகப் போகிறது. அந்த நெட்வொர்க் சுவிட்சை யூபிஎஸ்ஸில் சொருகாமல் சுவர் பிளக்கில் சொருகியிருந்தால் செய்தி போய்ச் சேராது. அணைக்கும் மென்பொருளை அதே மெய்நிகர் கணினிகளில் ஒன்றில் வைத்திருந்தால், அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டு பாதி வேலையில் செத்துப்போகும். கடவுச்சொற்களை அதே சர்வரில் ஒரு கோப்பில் வைத்திருந்தால், சர்வரை எழுப்பக் கடவுச்சொல் வேண்டும், கடவுச்சொல்லைப் பார்க்க சர்வர் எழ வேண்டும். சிரிப்பு வருகிறதா? முதியவருக்கு வரவில்லை.

பேட்டரியின் கதை இதைவிட மோசம். யூபிஎஸ்ஸில் இருக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. அதுவும் 25 பாகை வெப்பத்தில் வைத்திருந்தால். ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகை கூடும்போதும் ஆயுள் பாதியாகும். நம் நாட்டு வெப்பத்தில், குளிர்சாதனம் இல்லாத படிக்கட்டு அறையில் வைத்த பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும்? அரசு அலுவலகம் என்றால் அந்தப் பெட்டிக்குச் சொத்து எண் உண்டு, ஒட்டுத்தாள் உண்டு, ஆண்டுதோறும் வந்து எண்ணிப்போகும் ஆளும் உண்டு. பெட்டி இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

எதிர்பாராதது நடந்துவிட்டது என்று இனி யாரும் சொல்லக்கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கு ஆண்டில் பாதி நாளுக்குமேல் இடி இடிக்கும் வட்டாரம். 1992-இல் தீபகற்பம் முழுதும் இருண்டது. 1996 ஆகஸ்ட் 3-இல் மீண்டும் இருண்டது. 2005 ஜனவரி 13-இல் ஏற்பட்ட கோளாறு ஷா ஆலமுக்குப் பக்கத்திலேயே, கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கியது. கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் ஜொகூர்வரை தெற்கும் மின்சாரமின்றி நின்றன. 2022 ஜூலை 27-இல் ஜொகூர் யோங் பெங் துணைமின் நிலையத்தில் கோளாறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்களில் நண்பகலில் மின்சாரம் போனது.

2021 டிசம்பர் 18-ஐ ஷா ஆலம் மறக்காது. செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடா கூரைவரை மூழ்கியது. உயிர் காக்கத் தெனாகா துணைமின் நிலையங்களை அணைத்தது. வெள்ளம் இடிபோல ஒரு நொடியில் விழாது. மணிக்கணக்கில் ஏறும். அன்றைக்குக் கிடைத்தது பத்து நிமிடத்தைவிட எவ்வளவோ அதிகம். அதற்குப் பிறகு எத்தனை அலுவலகங்கள் தங்கள் சர்வர் அறையைத் தரைத்தளத்திலிருந்து மேலே ஏற்றின? எத்தனை அலுவலகங்கள் ‘தண்ணீர் வாசலைத் தொட்டால் யார் அணைப்பது’ என்று ஒரு தாளில் எழுதின?

உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் முடங்கியது. அதன் தரவு மையத்தில் 7,000 கருவிகள். அவற்றுள் ஏறத்தாழ 300 மாற்று மின்சாரத்தோடு இணைக்கப்படாமலே கிடந்தன. மின்சாரம் போன அன்றுதான் அது தெரிந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணங்கள் இரத்தாயின. 2017 மே 27-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ். மின்சாரம் துண்டிக்கப்பட்டது ஒரு பிழை. கட்டுப்பாடின்றி மீண்டும் கொடுக்கப்பட்டது அதனினும் பெரிய பிழை. ஏறத்தாழ 75,000 பயணிகள் தவித்தார்கள்.

தென்கொரியாவின் டேஜோன் நகரம் இன்னும் அண்மை. 2025 செப்டம்பர் 26-இல் அரசுத் தரவு மையத்தில் யூபிஎஸ் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தது. தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த கிளவுட்டில் 858 டெராபைட் அழிந்தது. வேறெங்கும் நகல் இல்லை. எத்தனை சேவைகள் நின்றன என்று கேட்டார்கள். 647 என்று சொன்னது அரசு. இரண்டு வாரம் கழித்து 709 என்று திருத்திக்கொண்டது. பட்டியலை வைத்திருந்த மேலாண்மைக் கணினியும் நின்றவற்றுள் ஒன்று. தன்னிடம் எத்தனை சேவை இருக்கிறது என்பதைத் தாளில் எழுதிவைக்காத அரசு அது. நம் அலுவலகங்களில் அந்தத் தாள் இருக்கிறதா?

இங்கே சட்டத்தைப் பாருங்கள். இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024, அதாவது 854-ஆம் சட்டம், 2024 ஆகஸ்ட் 26-இல் நடப்புக்கு வந்தது. அரசு, வங்கி, மருத்துவம், போக்குவரத்து, குடிநீர் உட்பட 11 துறைகளை அது முக்கியத் துறைகள் என்கிறது. சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது ‘சம்பவம்’ என்று சொல்வது அனுமதியின்றி நடக்கும் செயலை. ஊடுருவல்காரன் வந்து சர்வரை முடக்கினால் ஆறு மணி நேரத்தில் அறிக்கை. சொந்த அலட்சியத்தால் அதே சர்வர் மூன்று நாள் முடங்கினால் அந்தச் சட்டத்தின்கீழ் ஓர் அறிக்கையும் வேண்டாம். முகப்பில் காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, தரவு இழப்பிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. கூட்டரசு, மாநில அரசுகளை அதே சட்டம் விட்டுவிடுகிறது.

மத்திய வங்கியான பேங்க் நெகாரா அப்படி விடவில்லை. வங்கிகளின் முக்கியச் சேவைகள் முன்னறிவிப்பின்றி நிற்கும் நேரம் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு தடவைக்கு 120 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஷா ஆலம் முகப்பு ஒரே மழையில் எத்தனை ஆண்டுக் கணக்கைத் தின்றுவிட்டது? பணத்துக்கு அளவுகோல் இருக்கிறது. பிறப்புப் பதிவுக்கும் நிலப் பத்திரத்துக்கும் மருத்துவக் குறிப்புக்கும் அதே அளவுகோலை வையுங்கள். டிஜிட்டல் அமைச்சு அதைச் செய்ய வேண்டும். சிலாங்கூர் மாநில அரசு தன் அலுவலகங்களுக்கு அதைச் செய்ய வேண்டும். நாடாளுமன்றம் சட்டத்தில் உள்ள ஓட்டையை அடைக்க வேண்டும்.

வெண்டர் பார்த்துக்கொள்வார் என்ற பதிலையும் நாம் ஏற்கவில்லை. டெண்டரில் பெட்டி இருந்தது. பெட்டியைப் பொருத்தும் கூலி இருந்தது. மூன்றாண்டு உத்தரவாதம் இருந்தது. அணைக்கும் ஒத்திகை இருந்ததா? கேட்காததை எந்த வெண்டரும் தரமாட்டார். கேட்காதவர் யார்? கையொப்பமிட்டவர் யார்? ஐஎஸ்ஓ சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சேவைத் தொடர்ச்சித் திட்டம் என்ற கோப்பு அலமாரியில் தூங்குகிறது. அதில் அதிகாரி ஒருவரின் கையொப்பம் கட்டாயம் இருக்கும். அவர் பதில் சொல்லட்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு சர்வர் அறையின் கதவிலும் அணைக்கும் வரிசையும் எழுப்பும் வரிசையும் அச்சடித்த தாளாக ஒட்டப்பட வேண்டும். மின்சாரம் திரும்பியதும் எல்லாம் ஒரே நேரத்தில் தானே எழாதபடி அமைக்க வேண்டும். பேட்டரி ஓரளவு நிறையும்வரை காத்திருக்க வேண்டும். முதல் வெட்டில் தப்பிய தரவுத்தளம் பேட்டரி காலியாக இருக்கும்போது வரும் இரண்டாவது வெட்டில் சிக்கிக்கொள்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு சனிக்கிழமை, முன்கூட்டியே அறிவித்து உண்மையாகவே மின்சாரத்தைத் துண்டித்து ஒத்திகை நடத்த வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பலகாரம் தின்று முடியும் ஒத்திகை செல்லாது. சேவை ஒரு நாளுக்குமேல் நின்றால் காரணத்தை முப்பது நாளுக்குள் மக்களுக்கு எழுத்தில் தர வேண்டும்.

அந்தத் தாளில் ஒரு பெயர் இருக்க வேண்டும். பதவி போதாது, பெயர் வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் பெயர். பெயருக்குப் பக்கத்தில் கைபேசி எண். தாள் ஏற்கனவே இருக்கிறது என்று சொல்லும் அலுவலகங்களிடம் நமக்கு ஒரே கேள்வி. அதில் முதலில் இருக்கும் எண்ணுக்கு இந்த ஆண்டு, மாலை ஆறு மணிக்கு மேல், யாராவது ஒருமுறை அழைத்துப் பார்த்தீர்களா?